முதல் வரியில் பிள்ளையார் சுழி

பயண நாள் 2911, 09:10
காவல் முறை: அங்கயற்கண்ணி. விண்கலத்தில் காற்று சரி, வெப்பம் சரி. நாற்பது பேரும் அவரவர் பெட்டியில் உறைதூக்கத்தில். நாளை மறுநாள் 08:00 மணிக்கு முதல் பெட்டியிலிருந்து வரிசையாக எழுப்ப வேண்டும். பதினேழாம் பெட்டியில் என் தம்பி மணவாளன்.

யாருக்கு எவ்வளவு எழுப்பும் மருந்து என்பது பழைய கணினியின் டேட்டாபேஸில் இருக்கிறது. அந்தக் கணினி சாகக் கிடக்கிறது. முந்தைய காவல்காரன் வில்லவன் பாதி வேலையைப் புதிய கணினிக்கு மாற்றிவிட்டு, நேற்று ஒன்றாம் பெட்டியில் படுத்துவிட்டான். அவன் குரல் பதிவு: "அக்கா, மருந்து அளவு டேபிளை மட்டும் மாத்திட்டேன். மருந்து ஏத்துற புரோகிராம் பழைய மெஷின்லயே கெடக்கு. அதையும் கொண்டாந்துருங்க. புரோகிராமுக்கு மேலயே குறிப்பு எழுதியிருக்கேன், படிச்சுட்டுச் செய்யுங்க."

நாள் 2911, 11:40
புதிய டேபிளைப் பெட்டிகளோடு ஒப்பிட்டேன். தம்பி நாற்பத்தெட்டு கிலோ. அவனுக்கு நேரே, பதினேழாம் வரியில், தொண்ணூற்றாறு கிலோ ஆளின் மருந்து! அது பதினாறாம் பெட்டிக்காரருடையது. ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

நாள் 2911, 12:05
கண்டுபிடித்துவிட்டேன். டேபிளின் முதல் வரியில் ஆளே இல்லை. 'உ' இருக்கிறது. பிள்ளையார் சுழி! கல்யாணத்துக்கு மளிகைச் சீட்டா எழுதுகிறான் இந்தப் புண்ணியவான்? நாற்பது பேரும் ஒரு வரி கீழே இறங்கிவிட்டார்கள். என் தம்பியைக் கொல்லப் பார்த்தானே! எழுந்து வரட்டும், கன்னத்தில் நாலு வைக்கிறேன்.

சுழியை அழித்தேன். இப்போது தம்பிக்கு நேரே நாற்பத்தெட்டு கிலோதான்.

நாள் 2912, 15:30
புரோகிராமை அப்படியே எடுத்து வந்துவிட்டேன். மேலே ஏதோ குறிப்பு. சுழி போட்டவனின் உபதேசத்தைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. பழைய கணினி அணைந்தது. தொலையட்டும். டேபிளை நேற்றே பார்த்தாயிற்று, மறுபடி ஒத்திகை வேண்டாம்.

நாள் 2913, 08:00
எழுப்புதல் தொடங்கியது. பெட்டிக்குப் பத்து நிமிடம்.

08:03
வில்லவனுக்கு ஏறும் அளவு தப்பு. இரண்டாம் பெட்டிக்காரருடைய அளவு அது. அவர் இவனைப்போல் இரண்டு மடங்கு. சுழிதான் இல்லையே, பிறகு எப்படி?

08:05
ஐயோ. ஓடிப்போய்க் குழாயை மூடுவதற்குள் முழுவதும் ஏறிவிட்டது. குறிப்பைத் திறந்தேன். அப்படியே எழுதுகிறேன்:

"அக்கா, முதல் வரி பிள்ளையார் சுழி.
புரோகிராம் அதைத் தாண்டிதான் படிக்கும்.
சுழியை மட்டும் எடுத்துராதீங்க.
எடுத்தா எல்லாருக்கும் பக்கத்து ஆளு மருந்து போயிரும்."

08:08
சுழியைத் திரும்பப் போட்டேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். அடுத்து ஏறவிருக்கும் இரண்டாம் பெட்டிக்குச் சரியான அளவு காட்டுகிறது.

08:11
ஒன்றாம் பெட்டியில் துடிப்பு நின்றது. நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்கிறேன். டேய், எழுந்திருடா. திட்டமாட்டேன்டா.

10:50
தம்பி கண் திறந்தான். முதலில் கேட்டது: "வில்லவண்ணன் எழுந்துட்டாராக்கா?"

14:40
முப்பத்தொன்பது பேர் எழுந்துவிட்டார்கள். வில்லவனைத் திட்டிய வரிகளை அழிக்கப் போனேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும். இதை யார் படித்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்: அவன் டேபிளில் தப்பில்லை. அவன் புரோகிராமிலும் தப்பில்லை. நான் கோபத்தில் இருந்தேன்.

குறிப்பு நாலே வரிதான்.