விட்டுப்போன இரண்டு கட்டங்கள்

போனில் இடமில்லை என்று பழையதையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தேன். உன் பெயருக்குக் கீழே நான் கேட்காமலே விட்ட குரல் பதிவு ஒன்று கிடந்தது. நம் சண்டைக்கு மறுநாள் நீ அனுப்பியது. நீ போய் நான்கு மாதமாகிறது. திறக்கத் துணிவில்லை. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

சண்டை ஒன்பது கட்டத்துக்காக. ஒரே பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கும் இரண்டு பேருக்கு வேறு எதில் சண்டை வரும்? ஆசிரியர் அறையில், சதுரக்கோட்டுக் கொப்பியில் மூன்றுக்கு மூன்றாகக் கட்டம் கீறி நீதான் தொடங்கினாய். நடுவில் பூச்சியம். மேல், கீழ், இடம், வலம் என்று ஒட்டியிருக்கும் எந்த இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் சரியாக ஒன்று. பூச்சியத்துக்குக் கீழே சய ஒன்று, சய இரண்டு என்றும் போகலாம். எத்தனை விதமாக நிரப்பலாம்? நான் எண்பது என்றேன். நீ எண்பத்திரண்டு என்றாய்.

பிறகு நீ நோயில் விழுந்து வருத்தக்காரியாக ஏறாவூரில் வீட்டோடு கிடந்தாய். அங்கிருந்தும் போனில் விடவில்லை. "ரெண்டை விட்டிட்டாய்கா, திரும்ப எண்ணு."

இருபது வருடம் படிப்பித்தவளுக்கு எண்ணத் தெரியாதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வருத்தத்தில உனக்குத் தலை சுத்துது, பேசாமப் படு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்படிச் சொன்னதற்காக என்னை நானே ஏசாத நாளில்லை.

கடைசியில் பதிவைத் திறந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு பேசியிருந்தாய். "கோவிக்காதகா. மேலயும் கீழயும் ஒண்டு போடு. ரெண்டு பக்கமும் சய ஒண்டு போடு. மூலைக்கு என்ன வரும் எண்டு பாரு. பிறகு மாத்திப் போடு."

போட்டுப் பார்த்தேன். நான்கு மூலைக்கும் பூச்சியம் மட்டும்தான் வரும். மற்ற எல்லா விதத்திலும் ஏதாவது ஒரு மூலையிலாவது இரண்டு எண்ணில் விரும்பியதைப் போடலாம்; இதில் அந்தச் சுதந்திரமே இல்லை. ஒரே வழி இருந்ததை வழியே இல்லை என்று எடுத்து வெட்டியிருக்கிறேன். மேல் கீழை இடம் வலமாக மாற்றினால் இன்னொன்று. எண்பத்திரண்டு. நீ சொன்னதுதான் சரி.

இதைச் சொல்ல நீ இல்லை. வீட்டு வளவுக்குள் மேலும் கீழுமாக நடந்தேன். "என்னத்தத் தேடுறாய்?" என்று கணவர் கேட்டார். "ஒண்டுமில்ல, ஒரு கணக்கு" என்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லவேண்டும். சண்டை நடந்த அதே வாரம் உன் மகள் என்னைக் கூப்பிட்டாள். "உம்மா உங்களக் கேக்கிறா டீச்சர், ஒருக்கா வாங்க." வகுப்பு, விடைத்தாள், வீட்டு வேலை எல்லாம் போக எனக்கு மிஞ்சியது புதன்கிழமைப் பின்னேரம் மட்டும். இங்கே செட்டிபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் வந்திருக்கலாம். "வாறதுக்கு வழியில்ல மகள்" என்றேன். அந்த வெள்ளிக்கிழமை உன் ஜனாஸா அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

ஒரு பின்னேரம் இருந்தது. அதை நான் எண்ணவில்லை. அதைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.