நெற்றியோடு நின்ற படம்

அன்புள்ள அத்தைக்கு,

மாப்பிள்ளையோட வணக்கம். முட்டி வலி தேவலையா? மாமா காலையில நடக்கப் போறாரா? நான் வேளைக்குச் சாப்பிடறேன், கவலைப்படாதீங்க.

போன்ல திட்டினீங்களே, "மாப்ளே, நீங்க செஞ்ச வெப்சைட்ல எம்பொண்ணோட நெத்தி வருது, கண்ணு வர்றதுக்குள்ள பால் பொங்கிடுது"ன்னு. சரி பண்ணிட்டேன் அத்தை. தப்பு என்னோடதுதான். உங்க பொண்ணு நாளுக்கொரு படம் மாத்துவா. பழசே தெரியக்கூடாதுன்னு, திறக்கறப்பல்லாம் எல்லாப் படத்தையும் முதல்லேர்ந்து அனுப்பச் சொல்லி லிஸ்ப்ங்கற கம்ப்யூட்டர் மொழியில எழுதியிருந்தேன். அவ நம்மள விட்டுப் போய் எட்டு மாசமாச்சு. அது இன்னும் அப்படியேதான் அனுப்பிட்டு இருந்திருக்கு, அதான் படம் மேலேர்ந்து மெதுவா இறங்குது.

'இந்தப் படங்கள் இனி மாறாது, வந்ததையே வெச்சுக்கோ'ன்னு ஒரு வரி சேர்த்தா போதும். ஒரு நிமிஷ வேலை. எனக்கு மூணு நாள் ஆச்சு. இனிமே ஒரு தடவை திறந்துட்டீங்கன்னா, அடுத்த தடவை சட்டுனு முழு முகமும் வந்துடும்.

சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது, மேனேஜர் எட்டிப் பார்க்கறார். ஒரே ஒரு உதவி. பீரோவுல நான் பார்க்காத அவ படம் ஏதாவது கிடந்தா அனுப்புங்க. மங்கலா இருந்தாலும் பரவாயில்லை. அந்த 'இனி மாறாது' வரியை உடனே அழிச்சுடறேன்.

உங்க மாப்பிள்ளை