தெளிந்த தண்ணீரை நம்பாத மைனிக்கு

மைனி,

இன்று காலை பால் விடாமல் போட்ட கட்டன்சாயா கறுத்துவிட்டது. கட்டன்சாயா கறுப்புத்தானே என்று வேறு யாராவது சொல்வார்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள். கண்ணாடித் தம்ளருக்கு அந்தப் பக்கம் விரல் தெரிகிற மாதிரி சிவப்பாக இருக்க வேண்டியது, மை கரைத்தது போல நின்றது. டாங்கர் லாரிக்காரன் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு செம்பு பிடித்துப் போட்ட சாயா அது. நம் போர்வெல் மோட்டார் எரிந்துபோனதால், நீச்சல் குளத்தை நிறைக்க அவனைத்தான் வரச் சொல்லியிருந்தேன்.

"நல்ல வெள்ளமாக்கும் சேச்சி. இரும்பு ஒண்ணும் கெடையாது. பாத்தா தெரியாதா, கண்ணாடி மாதிரில்லா கெடக்கு" என்றான்.

கண்ணாடி மாதிரியாம்! அந்தப் பேச்சைக் கேட்டதுமே எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. தம்ளரை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். தேயிலை மோசம் என்று சாதித்தான். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். போகட்டும்.

குளம் திறக்க இருந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. அண்ணன் வளைகுடாவிலிருந்து திரும்பி, வெள்ளறடை வீட்டுக்குப் பின்னால் ரப்பர் வெட்டிய இடத்தில் குளம் கட்டி, பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கப் போகிறேன் என்று துள்ளிக்கொண்டிருந்த காலம். முந்தின நாள் குளம் நிறைந்து நீலமாகக் கிடந்தது. வீட்டுக் கிணற்றுக்குச் செய்வது போலவே நீங்களும் நானும் வாளியில் ப்ளீச்சிங் பவுடரைக் கலக்கி, தெளிய வைத்து ஊற்றினோம். பிள்ளைகள் இறங்குகிற இடமாயிற்றே என்று கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினோம். விடிந்து பார்த்தால் குளம் முழுக்கப் பழுப்பு. வெள்ளை டைல்ஸ் எல்லாம் துருக்கறை. 

யார் செய்தது என்பதில் எனக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தங்கய்யன்தான். ரப்பர் ஷீட் அடிக்கிறவர். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் எப்போதும் கைவசம் இருக்கும். போர்வெல் போட்டால் தன் கிணறு வற்றிவிடும் என்று ஏற்கெனவே சண்டைக்கு வந்தவர். மதில் வழியாக ஆசிட்டைக் கவிழ்த்துவிட்டார், வேறென்ன? "ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திட்டு வாறேன்" என்று அண்ணன் சட்டையை மாட்டிவிட்டான்.

கட்டின புருஷன் என்றும் பார்க்காமல் நீங்கள்தான் வாசலை மறித்துக்கொண்டு நின்றீர்கள். தங்கய்யன் மேல் இருந்த பிரியத்தால் அல்ல. உங்களுக்கு யார் மேல்தான் நம்பிக்கை இருந்தது? மீன்காரன் ஒரு மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினால், அதற்கு அடியில் கிடக்கிற மீனின் செவுளைத் தூக்கச் சொல்கிற ஆள் நீங்கள். அன்றைக்கு டைல்ஸ் ஒட்டியவனைச் சந்தேகப்பட்டீர்கள், பவுடர் விற்ற கடைக்காரனைச் சந்தேகப்பட்டீர்கள், கடைசியில் என் பக்கமும் திரும்பினீர்கள். "நீ வேற என்னமும் இட்டியா மக்கா?" என்று கேட்டீர்களே, நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

"அவரு ஆசிட் ஊத்தியிருந்தா மணம் உண்டு. இஞ்ச ஒரு மணமும் இல்ல. பொறுங்க, ஸ்டேஷன் எங்கயும் ஓடிப் போவாது" என்றீர்கள்.

போர்வெல் குழாயிலிருந்து நேராக ஒரு வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்தீர்கள். அடி தெரிகிற சுத்தமான தண்ணீர். அதில் ஒரு சிட்டிகை பவுடரைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாளி மஞ்சளித்து, பழுத்து, அடியில் துரு இறங்கத் தொடங்கியது.

"கள்ளன் வெள்ளத்துக்குள்ளயே இருந்திருக்கான் பாத்தியா. மருந்து பட்டதும் வெளிய சாடியாச்சு."

கரைந்து கிடக்கும்வரை இரும்பு கண்ணில் படாது, குளோரின் பட்டால் துருவாகிவிடும். கிணற்றில் இரும்பு இல்லை, போர்வெல்லில் இருந்தது. கிணற்றுப் பழக்கத்தைக் குளத்தில் காட்டியதுதான் வினை. அண்ணன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். அப்போது பார்த்துத் தங்கய்யன் மதில் வழியாக எட்டிப் பார்த்தார். "என்ன, குளத்துல சாயா போட்டாச்சா?" என்றார். "ஒரு கிளாஸ் எடுத்துக்கிடும்" என்றீர்கள். தான் ஸ்டேஷன் வாசல்வரை போகப் பார்த்தது அவருக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு படிகாரம் போட்டு, துருவைப் படிய வைத்து, அடியோடு உறிஞ்சி வெளியே விட்டோம். டைல்ஸ் கறைக்கு வைட்டமின் சி மாத்திரையை வைத்துத் தேய்த்தோம். மருந்துக்கடைக்காரர் வீட்டில் யாருக்கு என்ன சீக்கு என்று பதறிவிட்டார். அன்றிலிருந்து நம் குளத்தில் இரும்பைக் கட்டிப்போடும் மருந்து முதலில், குளோரின் அதற்குப் பிறகு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. எந்தப் புதுத் தண்ணீர் வந்தாலும் முதலில் ஒரு சாயா; இரும்பு இருந்தால் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படிப்பட்ட ஆள் மைனி நீங்கள். இடது தோள் கடுக்கிறது என்று சொன்ன அன்றைக்கு மட்டும், "ஒண்ணும் இல்ல மக்கா, வாய்வாக்கும்" என்று சுக்குவெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டீர்கள். ஊரில் ஒருத்தரையும் நம்பாத நீங்கள் அதை மட்டும் எப்படி நம்பினீர்கள்? தங்கய்யன்தான் தன் ஜீப்பில் உங்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். பாறசாலை ஆஸ்பத்திரி எட்டும்வரை உங்கள் உயிர் தாங்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று டாங்கர் போன பிறகு அண்ணன் குளத்துப் படியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவினான்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணும் இல்லட்டீ. வாய்வாக்கும்."

டாங்கர்க்காரன் பேசிய அதே தெளிவு. நான் நம்பவில்லை. மதிலருகே ஓடிப் போய்க் கத்தினேன், தங்கய்யன் ஜீப்பை எடுத்து வந்தார். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், மத்தியானம்வரை படுக்க வைத்தார்கள். வாய்வுதான் என்றார் டாக்டர். இன்னொரு தடவை பாருங்கள் என்று நான் நின்றதில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணனுக்கு ஒரே கேலி. "அவளுக்க சந்தேகம் உனக்குத் தொத்தியாச்சு. நான் அப்பவே சொன்னேன்லா, வெறும் வாய்வாக்கும்னு." தங்கய்யன் சிரித்தார். நானும் சிரித்தேன். அமரவிளை தாண்டும்போது அழுகை வந்துவிட்டது.

உங்களுக்கும் வெறும் வாய்வாக இருந்திருக்கக் கூடாதா மைனி?