பத்து நாற்பதுக்கு உள்ளே வந்தாங்க

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறேன். இங்க நானும் அப்பாவும் சுகம்தான், என் முழங்கால் ஒண்ணைத் தவிர. அங்க நீயும் மருமகளும் குட்டியும் முழங்கால் உட்பட நல்லா இருக்கணும். அப்பாவுக்குக் காது இன்னும் கொஞ்சம் மந்தமாயிடுச்சு, டிவி சத்தம் மாடிப்படி வரைக்கும் கேக்குது, காது மெஷின் வாங்கிக் கொடுத்தா அது இரையுதுன்னு கழட்டி மேசை டிராயர்ல போட்டுட்டு, நான் பேசுறதுதான் தெளிவா இல்லைங்கிறார். உன் தங்கச்சி வந்துட்டுப் போனா, ஆஸ்பத்திரி டூட்டி அவளைப் பிழிஞ்சு எடுக்குது, வந்த ரெண்டு நாளும் சோபாவுலயே தூங்கிட்டுக் கிளம்பிட்டா. போன வாரம் போன்ல நீ கேட்ட, ஏம்மா உன்னை தீம் பார்க் வாசல்லேருந்து ஷூ கவுன்டருக்கு மாத்திட்டாங்கன்னு. முழங்கால் வலிக்காக நானே கேட்டு வாங்கினேன்னு சொன்னேன். அது பொய்டா. போன்ல சொன்னா நீ நடுவுல பேசுவ, நான் அழுதுடுவேன், அதான் உக்காந்து எழுதுறேன்.

வாசல்ல என் வேலை என்னன்னு நீயே பாத்திருக்க. வருஷ பாஸ்காரங்க விரலை மெஷின்ல வைப்பாங்க, பச்சை எரிஞ்சா கம்பி சுத்தி வழி விடும், சிவப்பு எரிஞ்சா நான் கண்ணாடியைத் துடைச்சிட்டு மறுபடி வைக்கச் சொல்லுவேன். என் பக்கத்துத் திரையில அந்தக் குடும்பத்து போட்டோ எல்லாம் வரும், கீழ யார் எப்போ உள்ள போனாங்கன்னு மணியும் வரும். ஏழு வருஷமா பாத்தது எல்லாம் விரல்தான், ஐஸ்கிரீம் ஒட்டின விரல், பிளாஸ்திரி போட்ட விரல், ஆளை நிமிர்ந்து பாக்க நேரம் ஏது. போன வருஷம் நீங்க வந்தப்போ குட்டியோட விரலை மெஷின்ல வைக்க விடமாட்டேன்னு வாசல்லயே நின்ன இல்ல, பின்னால அவ்வளவு பெரிய வரிசை, கூட வேலை செய்றவங்க முன்னால எனக்கு மானமே போச்சு. பாஸை அடுத்தவங்ககிட்ட கொடுக்காம இருக்கத்தானடா இந்த மெஷின், பெரிய ரகசியமான்னு உன்கிட்ட கத்தினேன். இதெல்லாம் யார்கிட்ட இருக்கும்மா, எத்தனை நாள் வச்சிருப்பாங்கன்னு நீ கேட்ட. எனக்குத் தெரியலை. தெரியலைங்கிற கோபத்துலதான் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசலை.

ஒன்றரை மாசம் முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை, மதியம் மூணு மணி இருக்கும், மூச்சு வாங்க ஒருத்தன் வந்தான். உன் வயசு. உன்னை மாதிரியே சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருந்தான். கையில ஒரு மருந்து பாட்டில். விரலை வச்சான், பச்சை எரிஞ்சுது. அம்மா, என் வொய்ஃபும் குழந்தையும் உள்ள இருக்காங்களா பாருங்க, போன் எடுக்க மாட்டேங்குறா, குழந்தைக்குக் காய்ச்சல், மருந்தை வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டான்னு சொன்னான். பாக்கவே வேண்டாம், திரையில இருந்துது. பத்து நாற்பதுக்கு உள்ளே வந்தாங்கப்பான்னு சொன்னேன். அவ்வளவுதான்டா நான் செஞ்சது. மைக்ல கூப்பிடச் சொல்லட்டுமான்னு கேட்டதுக்கு வேண்டாம் வேண்டாம்னு அவசரமா சொன்னான். உள்ளேயும் போகலை. வெளிய வர்ற வழிக்கு எதிர்ல, குடை விக்கிற கடை ஓரமா போய் நின்னான். மருந்து கொடுக்க வந்தவன் ஏன் அங்க நிக்கணும்?

பக்கத்து கேட்ல இருந்தவளை என் இடத்தையும் பாத்துக்கச் சொல்லிட்டு உள்ள போனேன். திரையில பாத்த ரெண்டு முகத்தை மனசுல வச்சுக்கிட்டு ராட்டினம், ரயில் வண்டி, சாப்பாட்டுக் கூடம்னு ஒண்ணு விடாம தேடினேன், கால் ரெண்டும் என்னுது இல்லைன்னு ஆயிடுச்சு. கடைசியில படகு வரிசையில நின்னாங்க. குழந்தைக்கு அஞ்சு வயசு இருக்கும், காய்ச்சல் ஒண்ணும் இல்லை, குதிச்சுக்கிட்டிருந்துது. உங்க வீட்டுக்காரர் வெளிய நிக்கிறார்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சட்டுன்னு குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா. யார் சொன்னது அவருக்குன்னு கேட்டா. நான்தாம்மான்னு சொன்னேன். அவ திட்டலை, அழலை. வீட்டை விட்டு வந்து நாலு மாசம் ஆச்சு, இருக்கிற இடம் எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது, பாஸ் முடியப்போகுதுன்னு குழந்தை கெஞ்சுச்சு, ஒரே ஒரு நாள்னு வந்தேன்னு சொன்னா. சொல்லும்போது சட்டைக் காலரை இழுத்து மேல விட்டுக்கிட்டா, அதுக்குள்ள கழுத்துல இருந்த தழும்பை நான் பாத்துட்டேன்.

பொம்மை வேஷக்காரங்க உடுப்பைத் துவைக்க எடுத்துட்டுப் போற வண்டி பின்பக்கச் சரக்கு வாசல்ல நாலரைக்குக் கிளம்பும். அந்த டிரைவர் அதிகம் பேசாத மனுஷன். ரெண்டு பேரை பஸ் ஸ்டாண்ட்ல இறக்கிவிடணும்னேன், ஏன்னு கேக்கலை, முன் சீட்டுல இருந்த துணி மூட்டையை எடுத்துப் பின்னால போட்டார். குழந்தை என்கிட்ட, படகு இன்னொரு நாள் போலாமான்னு கேட்டுச்சு. நான் வண்டிக் கதவைச் சாத்தினேன்.

மூடுற நேரம் வரைக்கும் அவன் அங்கயே நின்னான். அப்புறம் வந்து, இன்னும் வெளிய வரலையே, திரையைப் பாருங்கன்னான். எனக்குத் தெரியாதுங்கன்னேன். மதியம் தெரிஞ்சுது, இப்போ தெரியாதான்னு மேசையில ஓங்கி அடிச்சான். செக்யூரிட்டி வந்துதான் கூட்டிட்டுப் போனாங்க. மறுநாள் மேனேஜர் ரூம்ல விசாரணை. கேட்டை விட்டுப் போனது தப்பு, வந்தவங்களைச் சரக்கு வாசல் வழியா அனுப்பினது அதைவிடப் பெரிய தப்புன்னார். சார், நான் செஞ்ச தப்பு அது இல்லை, அவன் கேட்டதும் மணியைச் சொன்னேனே அதுதான்னேன். அதனால என்ன, பாஸ் அவர் பேர்லதானே இருக்குன்னுட்டார். எழுதி வாங்கிக்கிட்டாங்க, ஷூ கவுன்டருக்கு அனுப்பிட்டாங்க. ஊரார் செருப்பை வாங்கி நம்பர் வில்லை கொடுக்கிறேன். பரவாயில்லை, செருப்பு யாரையும் காட்டிக் கொடுக்காது.

பத்து நாள் கழிச்சு அந்தப் பொண்ணு தனியா வந்து என்னைத் தேடினா. முடியை ஒட்ட வெட்டியிருந்தா, எனக்கு அடையாளமே தெரியலை. மெஷின்லேருந்து எங்க ரேகையை எடுக்கணும், யாரைப் பாக்கணும்னு கேட்டா. ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனேன். அவளுதை எடுக்கணும்னா அவதான்னு தெரிய மறுபடி விரலை வைக்கணுமாம், வச்சா. குழந்தையுதுக்கு பாஸ்காரர் கையெழுத்து வேணுமாம். அவர்கிட்டயே போய் வாங்கிட்டு வரச் சொல்றாங்களான்னு சத்தம் வராம சிரிச்சா. போகும்போது, அவருக்குச் சொன்னதும் நீங்க, எங்களுக்கு வந்து சொன்னதும் நீங்க, உங்களை என்ன நினைக்கிறதுன்னு எனக்கே தெரியலைன்னு சொல்லிட்டுப் போனா. அதுக்கு அப்புறம் நடந்ததை எல்லாம் என் கையெழுத்துல எழுதி, குழந்தை ரேகையை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தேன். மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. நாலாவது தடவை ரெக்கார்டு பாக்கிற பொண்ணே பாவப்பட்டு பெரிய ஆபீஸ் வக்கீல்கிட்ட எடுத்துட்டுப் போனா. எடுத்தாச்சுன்னு நேத்துதான் காகிதம் வந்துது. ஒரு குழந்தையுது. மத்தவங்க மணி எல்லாம் திரையில இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு. என் இடத்துல இப்போ இருக்கிறவகிட்ட, யார் கேட்டாலும் மைக்ல கூப்பிடுறேன்னு மட்டும் சொல்லுன்னு சொல்லி வச்சிருக்கேன். சரிக்கான்னு தலையாட்டினா. பெரிய வரிசை, காதுல விழுந்துதோ என்னவோ.

ரொம்ப அலுப்பா இருக்குடா. இந்த வருஷக் கடைசியோட வேலையை விட்டுடலாம்னு அப்பா சொல்றார், அது மட்டும் எனக்குத் தெளிவாக் கேக்குது. குட்டி விஷயத்துல நீ சொன்னதுதான் சரி, அம்மா ஒத்துக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, மருமகளை ஒத்தையா அலையவிடாதே. மூணு பேரும் நோய் நொடி இல்லாம, பயம் இல்லாம, நினைச்ச இடத்துக்குப் போய் நிம்மதியா வீடு திரும்பணும், அதுதான் என் ஆசீர்வாதம்.

ஒண்ணு மறக்காம கவனி. செவ்வாய்க்கிழமை ஒருத்தர் வீட்டுக்கு போன் பண்ணி, உன்கூடக் காலேஜ்ல படிச்சவராம், உன் புது அட்ரஸ் வேணும்னார். நல்லாத்தான் பேசினார், என் முழங்காலைக்கூட விசாரிச்சார். எனக்கு மகனே இல்லைன்னு சொல்லி போனை வச்சுட்டேன். நிஜமாவே உன் நண்பனா இருந்தா நீயே கூப்பிட்டு, அம்மாவுக்காக மன்னிப்புக் கேட்டுக்கோ.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கும்
அம்மா