ஒற்றைப் பத்தியில் ஒரு வெறியன்

செப்டம்பர் 3
காலையிலிருந்து பல்வலி. ஆனாலும் பத்திரிகை ஆபீஸ் போனேன், செய்திக்குத் தலைப்பு போட நான்தானே இருக்கிறேன். நிருபர் தந்த செய்தி: கடைத்தெருவில் ஒருவரை இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்திருக்கிறார்கள். சட்டையெல்லாம் ரத்தமாக இருந்த ஆளைக் கூட்டம் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தது. 'தாக்கியதாகக் கூறப்படுபவர்' என்று நிருபர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். ஒற்றைப் பத்தித் தலைப்பில் அது எங்கே அடங்கும்? 'வெறியன் பிடிபட்டான்' என்று போட்டேன். கீழே அவன் படம். தலைமை உதவி ஆசிரியர், "பலே, தலைப்புன்னா இதுய்யா!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

செப்டம்பர் 4
மனைவி பேப்பரைக் காட்டினாள். "வெறி நாய்க்குத்தானே பிடிக்கும்? இந்த ஆளப் பாத்தா அப்பாவியா இருக்கு."
"உனக்கு எல்லாரும் அப்பாவிதான், என்னைத் தவிர" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 6
நான் படம் போட்ட ஆள் அடிக்கவே இல்லை. கடை கேமராவில் தெளிவாகத் தெரிகிறதாம். அடித்தவன் ஓடிவிட்டான். இவர் லிப்ட் மெக்கானிக். வேலைக்குப் போகிற வழியில், விழுந்து கிடந்தவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ரத்தம்தான் சட்டையில். போலீஸ் விட்டுவிட்டது.
அய்யோ, என்ன பண்ணித் தொலைச்சிருக்கேன்!

செப்டம்பர் 7
திருத்தம் வந்தது. உள்பக்கத்தில், மூலையில். யார் கண்ணில் படப்போகிறது?
'அடித்தவன்' என்றால் செய்த காரியத்தைச் சொல்கிறோம். நாளைக்கு அவன் அடிக்காமலும் இருக்கலாம். 'வெறியன்' என்றால் ஆளையே சொல்கிறோம் — தூங்கும்போதும் அவன் வெறியன்தான். இத்தனை வருஷமாக வார்த்தையில் சோறு தின்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். தலைப்பு அடங்கினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 11
மெக்கானிக் வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. கதவைத் திறந்த அவர் மனைவி யாரென்று கேட்டார். "தலைப்பு போட்டது நான்தாம்மா." அந்தம்மா உள்ளே போய்விட்டார். அவர்தான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். "வீடு வீடா போய்ச் செய்யற வேலை, உன்னை எவன் உள்ள விடுவான்?" என்று கேட்டாராம். முதலாளியிடம் நானே பேசுகிறேன் என்று உளறினேன்.
"பேசுங்க சார். இங்க இல்லன்னா வேற இடத்துல வேலை கிடைக்கும்" என்றார். "ஆனா இனிமே எவன் அடிபட்டுக் கிடந்தாலும் தொட மாட்டேன். என் பையன்கிட்டயும் சொல்லிட்டேன்."

செப்டம்பர் 12
முதலாளி மசியவில்லை.

அக்டோபர் 19
அதே கடைத்தெரு. பைக் மோதி ஒரு பெண் நடுரோட்டில் கிடந்திருக்கிறாள். சுற்றிலும் கூட்டம், ஒருவரும் கிட்டே போகவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நின்றிருந்த ஒருவர் நிருபரிடம் சொன்னாராம்: "தொட்டா நம்மளத்தான் பிடிப்பாங்க. போன மாசம் பேப்பர்ல பாக்கலையா?"
தலைமை உதவி ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "'மனிதநேயம் எங்கே?'ன்னு போடுய்யா, நச்சுன்னு இருக்கும்."
"நீங்களே போட்டுக்குங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். என்ன இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம் என்று மனைவி கேட்டாள். அந்தப் பழைய பேப்பரைத் தேடி எடுத்து அவளிடம் காட்டினேன்.