மேரி அக்கா பிரித்த மீன்

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை

கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஏரிக்கரையில் பொறுக்கிய ஷாம்பு பாக்கெட்டையும் பாட்டில் மூடியையும் வைத்து நான் செய்த மீன் போய்விட்டது. குப்பைக் கொட்டகை மேசையில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் போனில் ஒரு போட்டோ எடுத்து வந்தேன். பத்து நாள் வேலை. வரிசையாக ஓட்டினால் மீன் நீந்தும், குப்பையைத் தின்னும், சாகும். காந்தி ஜெயந்தி கிராம சபையில் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மதியம் போனால் மேசை காலி. என்னோடு குப்பை பிரிக்கிற மேரி அக்கா, பாக்கெட்டை ஒரு சாக்கிலும் மூடியை இன்னொரு சாக்கிலும் போட்டுவிட்டாள்.

"மீனுன்னு தெரியலியாக்கா?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சுது. அத்தினி பிளாஸ்டிக்க வயித்துல வச்சிக்கினு கீது, பிரிக்காம இன்னா பண்றது?"

என் படம் மீன் செத்ததோடு முடிந்துவிடும். அப்புறம் அந்தக் குப்பையை யார் எடுப்பது? தினமும் எடுக்கிற நானே அதை யோசிக்கவில்லை.

அதே மீன் இனி வராது; நாளைக்குப் புது மீன் செய்து முதல் போட்டோவிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன். கடைசியில் அக்காவின் கை வந்து மீனைப் பிரிக்க வேண்டும். கேட்டால், "கிளிஞ்ச கிளவுசோட வரமாட்டேன், புதுசு குடுக்கட்டும்" என்கிறாள். ஆறு மாதமாகப் பஞ்சாயத்தில் கேட்கிறோம், யார் கொடுத்தார்கள்? கிழிசல் கிராம சபையில் எல்லார் கண்ணிலும் பட்டால்தான் புதுசு வரும் என்றேன்.

கிளவுஸ் போட்ட கைகளை மேசைமேல் நீட்டினாள்.

"அப்ப ரெண்டு கையயும் எடு. ரெண்டும் கிளிஞ்சிதான் கீது."