ஒளிராத வால்வு

1959 டிசம்பர் 14, கொடைக்கானல்

முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். கத்தினால்தான் கேட்கும். "டீச்சர் வீட்டுல என்ன கொழம்புன்னு வில்பட்டி வரைக்கும் தெரியுது" என்று பக்கத்து வீட்டு மரகதம் கேலி செய்வாள். கத்தக் கூச்சப்பட்டு நான் பேச்சைக் குறைத்தேன். அவரும் பொழுதெல்லாம் பூண்டுத் தோட்டத்திலேயே இருக்கப் பழகிவிட்டார்.

அதனால்தான் ஒரு புத்தகத்தைப் பார்த்து, பிஸ்கட் டப்பாவுக்குள் ரேடியோ வால்வு, பாட்டரி, மைக் எல்லாம் பொருத்தி, அவர் கையோடு கொண்டுபோகிற மாதிரி இந்தக் காது கேட்கும் கருவியைச் செய்தேன். இன்று மதியம் கடைசிக் கம்பியைப் பற்றவைத்து சுவிட்சைப் போட்டேன். வீட்டு ரேடியோவில் வால்வு தணல் மாதிரி தெரியும். இதில் வெளிச்சமே இல்லை. எரிந்துபோய்விட்டது என்றே நினைத்தேன். அழுகை வந்தது.

இவர் அதோடு இணைத்திருந்த ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். "குளிருக்கு எதமாத்தான் இருக்கு புள்ள."

"சனியன் பிடிச்ச வால்வு" என்று முணுமுணுத்தேன்.

"அத ஏன் வையுற? பாவம்."

திரும்பிப் பார்த்தேன். முணுமுணுத்தது இவருக்குக் கேட்டிருக்கிறது! டப்பாவைச் சேலைத் தலைப்பால் மூடி உள்ளே எட்டிப் பார்த்தேன். மங்கலாக ஒரு சிவப்பு. பாட்டரி வால்வின் வெளிச்சம் பகலில் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மைக்கின் பக்கம் குனிந்தேன். கத்திச் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

"நீங்க பேசாம வீடு நல்லாவே இல்லைங்க."

"இன்னொருக்கா சொல்லு" என்றார்.

அவருக்குக் கேட்காமல் இல்லை; திரும்பக் கேட்க ஆசை. சொன்னேன்.